தாசில்தார் கவிழ்ந்த வாரம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தாசில்தார் கவிழ்ந்து கிடந்தார்.

பதற வேண்டாம். தாசில்தார் என்பது எங்கள் வீட்டுத் தங்கமீன். தலையில் தலைப்பாகை போல ஒரு சதைக் குவியல், அதற்குக் கீழே நல்ல தொப்பை. அந்தத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு தொட்டியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மூன்று வருடமாக மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். எந்தக் காரியமும் நடக்காது, ஆனால் மேற்பார்வை நிற்காது. பெயரை நான்தான் வைத்தேன். அதுவரை வாழ்க்கையில் நான் யாருக்கும் பதவி கொடுத்ததில்லை.

அன்று வயிறு மேலே இருந்தது, முதுகு கீழே. உயிர் இருந்தது. ஒரு பக்கத் துடுப்பை விடாமல் அடித்து நிமிரப் பார்ப்பார், பாதி நிமிர்வார், மறுபடி கவிழ்வார். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த வில்லை 5 என்று காட்டியது.

வலிமானி வில்லை. வளர்ப்புப் பிராணி எது இருந்தாலும் அதன் இருப்பிடத்தில் ஒன்று ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஒரு ரூபாய்க் காசு அளவுதான் இருக்கும். எதிரே உள்ள உயிருக்கு எவ்வளவு வலிக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லிவிடும். ‘முதுகெலும்புள்ள எல்லா உயிருக்கும் ஒரே அளவுகோல்’ என்று டப்பாவில் போட்டிருக்கும். நான் அதை வேதவாக்காக நம்புகிறவன். நம்பாமல் முடியாது, எனக்குச் சோறு போடுவது அந்த வில்லையின் பெரியண்ணன்.

நான் வலி அளவீட்டு மையத்தில் மூன்றாம் எண் மேசை. ஆள் வருவார். தகட்டில் கையை வைக்கச் சொல்வேன். “ரெண்டு நிமிஷம் அசையாம, எதையும் நினைக்காம உக்காருங்க” என்பேன். அவர் உட்கார்ந்ததும் ‘சமன்’ என்ற பச்சைப் பொத்தானை அழுத்துவேன். பிறகு எழுந்து, குனிந்து நிமிரச் சொல்லி, ‘அளவு’ என்ற சிவப்புப் பொத்தான். மூன்று விநாடியில் எண் விழும். சீட்டு, கையெழுத்து, முத்திரை, “அடுத்தவங்க.” நாலும் அதற்கு மேலும் இருந்தால் மருந்து, விடுப்பு, வேலையில் சலுகை எல்லாம் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் வணக்கம். எங்கே வலிக்கிறது என்று நாங்கள் கேட்பதில்லை. இயந்திரத்துக்குத் தேவையில்லாத விவரம் எனக்கு எதற்கு? பதினோரு வருடமாக ஒரு நாளைக்கு எண்பது பேர். அதில் சரிபாதிப் பேருக்குப் பூஜ்யம். ஜனங்கள் எவ்வளவு பொய் சொல்கிறார்கள் என்று மத்தியானம் சாப்பிடும்போது பேசிக்கொள்வோம்.

அன்று விடுப்பு போட்டுவிட்டுக் கொளத்தூருக்கு ஓடினேன். மீன்கடைத் தெருவில் பென்னட்டின் கடை. நாற்பது வருடமாக மீன் விற்கிறவர். தாசில்தாரைப் பாலித்தீன் பையில் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு எத்தினி வேளை தீனி போடுற சார்?”

“அஞ்சு.”

“உன் வூட்டுல நீ எத்தினி வேளை துன்ற?”

“மூணு.”

“அப்புறம்? மெதக்குற உருண்டைய மேல வந்து லபக்கு லபக்குனு முழுங்கும்போது காத்தையும் சேத்து முழுங்கிருது. வயிறு ஊதி உள்ள இருக்கிற காத்துப்பைய அமுக்குது. கவுந்துருச்சு. வியாதியில செத்த மீன விட ஓனரோட பாசத்துல செத்த மீனுதான் சார் இந்தத் தெருவுல ஜாஸ்தி.”

“இப்ப என்ன பண்றது பென்னட்?”

“மூணு நாளு பட்டினி போடு. நாலாம் நாளு வெந்த பச்சப்பட்டாணி, தோல உரிச்சு, நசுக்கி, ஒன்னே ஒன்னு. எப்சம் சால்ட்டு கொஞ்சம் கரைச்சு வுடு. முக்கியமா தண்ணிய பாதியா கொற. ஆழமா இருந்தா மேலயும் கீழயும் போயி வர்றதுக்குள்ள அதுக்கு உசுரு போயிரும். கொணமாவறது அப்புறம் சார். மொதல்ல கஷ்டத்தக் கொற.”

வீட்டுக்கு வந்து எல்லாம் செய்தேன். தண்ணீரைப் பாதியாக்கினேன். மேலே தெரிந்த வயிற்றுத் தோல் காய்ந்துவிடக் கூடாது என்று அரைமணிக்கு ஒரு தடவை கரண்டியால் தண்ணீர் ஊற்றினேன். வேலைக்குப் போன நாட்களிலும் சாயங்காலம் ஓடிவந்து முதலில் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை வில்லை 4 காட்டியது. புதன்கிழமை 3, வியாழக்கிழமை 1. வியாழன் அன்றே பட்டாணி கொடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பட்டாணிக்குத் தோல் உரிக்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது. தாசில்தார் அதைத் தின்றுவிட்டுத் தலைகீழாகவே என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை வில்லையில் பூஜ்யம்.

“மிருது! இங்க வா! தாசில்தார் டிஸ்சார்ஜ்! பூஜ்யம்!”

மிருதுளா என் மனைவி. புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவு. உலகத்தில் எல்லா வேலைக்கும் இயந்திரம் வந்துவிட்டது, சேலைக்கு மட்டும் வரவில்லை. எழுபது சேலையை விரித்துப் போடச் சொல்லி, எதையும் வாங்காமல் எழுந்து போவதற்கு எதிரே ஒரு மனுஷி இருக்க வேண்டியிருக்கிறது. காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை நிற்க வேண்டும். உட்காரலாம். ஆனால் நாற்காலி வேண்டுமென்றால் மையத்திலிருந்து நாலு அல்லது அதற்கு மேல் போட்ட சீட்டு வேண்டும்.

டிபன் டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

“கவுந்துதானே கெடக்கு?”

“கெடக்கு. ஆனா பூஜ்யம்.”

“அப்ப நிமித்தி நிக்க வைங்க. அதான் பூஜ்யமாச்சே.”

“என்ன பேசுற நீ? துடுப்ப எப்படி அடிச்சுக்குது பாரு. வாயத் தொறந்து தொறந்து மூடுது பாரு. வலி இல்லாமயா இப்படிக் கெடக்கும்? மெஷின்தான் தப்பாக் காட்டுது!”

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது.

மிருதுளா டப்பாவை மூடினாள். நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

“மெஷினும் தப்பாக் காட்டும்னு இந்த வீட்டுல ஒருத்தர் சொல்லிக் கேக்க மூணு வருஷம் ஆச்சு,” என்றாள். “பரவால்ல. மீனுக்காச்சும் கெடைச்சுதே.”

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு செருப்பு. அவள் செருப்புப் போட இவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். மூன்று வருடமாக அதே வாசலில் நின்று ‘சீக்கிரம் கெளம்பு, பஸ் போயிடும்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் அவளை என் மேசைக்கே கூட்டிப்போனேன். வரிசையில் நிற்கவிடாமல், சலுகையாக. இடுப்பிலிருந்து பாதம் வரை எரிகிறது, நாலைந்து வருடமாக எரிகிறது என்றாள். “ரெண்டு நிமிஷம் அசையாம, எதையும் நினைக்காம உக்காரு” என்றேன். பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், பூஜ்யம். என் கையெழுத்து, என் முத்திரை. வீட்டுக்கு வரும் வழியில், “ஏன் மிருது, கடையில வேற எதாவது பிரச்சினையா?” என்று பக்குவமாகக் கேட்டேன். அவள் பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு காலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பூஜ்யக்காரர்களைப் பார்க்கும் டாக்டர், மனசு சம்பந்தப்பட்டதாக இருக்கும், வீட்டில் மீன் வளர்த்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அப்படி வந்தவர்தான் தாசில்தார். மிருதுளாவுக்கு எழுதிய மருந்து. அவள் ஒரு நாளும் அதற்குத் தீனி போட்டதில்லை. மருந்தை நான்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமையும் விடுப்பு போட்டேன். மறுபடியும் பென்னட்.

“மீன் அப்படியே கெடக்கு, வில்லை பூஜ்யம் காட்டுதே. ஏன்?”

பென்னட் சிரிக்கவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். “நீ அந்த ஆபீஸ்லதானே சார் வேலை செய்யுற?”

“ஆமா.”

“மளிகைக் கடையில எண்ண வாங்கியிருக்கியா? காலி டப்பாவ மொதல்ல தராசுல வெச்சு பூஜ்யம் ஆக்கிட்டு அப்புறந்தானே ஊத்துவான்? டப்பா வெயிட்டக் கழிக்கணும்ல. இதுவும் அப்படித்தான். வில்ல தெனம் கொஞ்சங் கொஞ்சமா, இந்த மீனு சும்மா இருக்கும்போது இப்படித்தான் இருக்கும்போலன்னு கத்துக்கும். அதக் கழிச்சிட்டுத்தான் சொல்லும். புதுசா குத்துனா எகிறும். நாலு நாளு விடாம குத்துனா, அத டப்பா வெயிட்டுல சேத்துரும்.”

“அப்ப பூஜ்யம்னா...”

“பழகிருச்சுன்னு அர்த்தம். மீனுக்கு இல்ல சார். மெஷினுக்கு. இந்தத் தெருவுல மூணாம் நாளுக்கு மேல வில்லைய யாருமே பாக்க மாட்டோம்.”

ரெண்டு நிமிஷம் அசையாமல், எதையும் நினைக்காமல் உட்காருங்கள். என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். பச்சைப் பொத்தானை அழுத்தி அழுத்தி அதில் ஒரு காய்ப்பு இருக்கிறது. புதிதாக வலிப்பவர்களை விட்டுவிட்டு, ஓயாமல் வலிப்பவர்களை எல்லாம் அந்த விரலால் நான் டப்பாவில் சேர்த்திருக்கிறேன். நாளுக்கு எண்பது பேர், அதில் பாதி, பதினோரு வருடம். பெருக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். எனக்குக் கணக்கு வராது என்பது அன்றைக்கு ஒரு வசதியாக இருந்தது.

“கத்துக்கிட்டத அழிக்க முடியாதா பென்னட்?”

“வில்லைக்குப் பின்னால ஊசி நுழையற ஓட்ட ஒன்னு இருக்கும். நல்ல மீனு முன்னால வெச்சுக் குத்து. அதுதான் பூஜ்யம்னு எடுத்துக்கும். அப்புறம் உன் மீன காட்டு.” ஒரு விரல் நீளத்துக்கு ஒரு குட்டித் தங்கமீனைப் பையில் பிடித்துக் கொடுத்தார். “இத வெச்சுப் பாரு. தொட்டியில சேத்து வுட்றாத, தனி பாட்டில்ல வையி.”

வீட்டில் ஊறுகாய் ஜாடியைக் கழுவி அதில் விட்டேன். துணைத் தாசில்தார் என்று நியமனம் செய்தேன். வில்லையை ஜாடியில் ஒட்டி, ஊசியால் குத்தி, பிறகு எடுத்துப் பெரியவரின் தொட்டியில் ஒட்டினேன்.

6.

திங்கட்கிழமையை விட ஒன்று கூடுதல். ஐந்து நாளாக ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அது இறங்குவதைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மிருதுளா வேலைக்குக் கிளம்புவதற்கு முன், மேசைமேல் ஜாடியும் வில்லையும் ஊசியுமாக ஒரு செப்படி வித்தைக்காரன் போல உட்கார்ந்திருந்தேன். பென்னட் சொன்னதை அப்படியே சொன்னேன். தாசில்தாரின் ஆறைக் காட்டினேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

“இப்ப நான் கைய வெக்கணுமா?”

“ஆமா மிருது. டப்பாவுலயே போட்டிருக்கு, முதுகெலும்பு இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே அளவுன்னு.”

“எனக்கு இருக்கா முதுகெலும்பு? பூஜ்யம் வாங்கினவளாச்சே.” பிறகு, “எனக்குத் தெரிய வேணாம்,” என்றாள். “எனக்குத்தான் தெரியுமே. உங்களுக்கு வேணும்னா பாத்துக்கோங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளங்கையை வைத்தாள்.

8.

ஜாடியில் குட்டிமீன் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டியில் ஆறு கவிழ்ந்து கிடந்தது. எட்டு, கையில் டிபன் பையோடு, பத்து மணி நேரம் நிற்பதற்காக நின்றுகொண்டிருந்தது. என் தொண்டைக்குள் ஒரு நகைச்சுவை வந்தது. வழக்கமாக வரும். வெளியே வரவில்லை.

“திங்கக்கிழமை மையத்துக்கு வா,” என்றேன். “வரிசையில வா.”

“அங்க அதே மெஷின்தானே?”

“மெஷின் அதேதான். பூஜ்யம் வேற.”

திங்கட்கிழமை என் மேசையில் ஊறுகாய் ஜாடியை வைத்தேன். ஆள் வந்தார். தகட்டை முதலில் ஜாடியின்மேல் சாய்த்து, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பிறகு தகட்டில் அவர் கை. பிறகு சிவப்பு. ஆட்டோ ஓட்டுகிற ஒருவருக்கு, ஆறாவது தடவையாக வந்தவர், ஏழு விழுந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு, “சார், இது எனக்குத்தானா?” என்று கேட்டார். ஒன்பது விழுந்த ஒரு அம்மாள் எதுவும் கேட்கவில்லை. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மணிக்கு எங்கள் கண்காணிப்பாளர் ஷைலஜா மேடம் வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைவிட நல்லவர்.

“அஸ்வத் சார், இது என்ன?”

“துணைத் தாசில்தார் மேடம்.”

“சார்...”

“சமன் எடுக்காம அளக்கக் கூடாதுன்னுதான் மேடம் விதி. யார்கிட்ட எடுக்கணும்னு போடல. ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொலைபேசி கூப்பிட்டது, போய்விட்டார்.

மிருதுளா முப்பத்தோராவது ஆளாக வந்தாள். மற்றவர்களைப் போலவே உட்காரச் சொன்னேன். எட்டு. கையெழுத்து, முத்திரை. சொந்தக்காரருக்குச் சீட்டுப் போடக்கூடாது என்று யாராவது கேட்பார்களோ என்று பயந்தேன். போன தடவை போட்டபோது யாரும் கேட்கவில்லை. பூஜ்யம் கொடுக்க யார் தடை சொல்வார்கள்? மிருதுளா சீட்டைப் படிக்காமல் மடித்துப் பையில் வைத்தாள்.

“அதுக்குத் தண்ணி மாத்தணும்ங்க, கலங்கியிருக்கு,” என்று ஜாடியைக் காட்டிவிட்டு எழுந்தாள்.

அன்று எண்பத்தொரு பேர். ஒரே ஒரு பூஜ்யம். அவர் கல்யாண விடுப்பை நீட்டிக்க வந்தவர்.

சாயங்காலம் ஷைலஜா மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது.

“மேலிடத்துல கேக்கறாங்க சார். பதினோரு வருஷமா ஒழுங்கா ஓடின மெஷின் இன்னிக்குக் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க. மீனப் பத்தி நான் சொல்லல. மெஷின் பழுதுன்னா யாருக்கும் ஒன்னும் ஆகாது.”

“இன்னிக்குக் குடுத்த சீட்டெல்லாம்?”

“பழுது நாள்ல குடுத்தது செல்லாது.”

ஆட்டோக்காரர், கண்ணில் ஒற்றிக்கொண்ட அம்மாள், மடித்துப் பையில் வைத்த மிருதுளா. எனக்குத் தைரியம் கிடையாது. ஒரு மீனைக் காப்பாற்ற இரண்டு நாள் விடுப்பு போட்டதுதான் என் வீர வரலாறு. ஆனால் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன, சுலபமாக நிரப்பலாம்.

பழுதான பாகம்: மூன்றாம் எண் மேசை அளவீட்டாளர்.

பழுது தொடங்கிய நாள்: நான் வேலைக்குச் சேர்ந்த தேதி.

பழுது நீங்கிய நாள்: இன்று.

மேடம் இரண்டு தடவை படித்தார். “இதுல கையெழுத்துப் போட்டா பழைய பூஜ்யம் அத்தனையையும் திரும்ப அளக்கணும். உங்க வேலை...”

“இன்னிக்குக் குடுத்தது நிக்கும்ல மேடம்?”

படிவத்தை என் பக்கம் தள்ளினார். “நிக்கும்.”

போட்டேன்.

புதன்கிழமை இடைநீக்க உத்தரவு வந்தது. உத்தரவைக் கையில் கொடுப்பதற்கு முன் ஊழியரை அளக்க வேண்டுமாம், அதுவும் விதி. என்னை என் மேசையிலேயே, அளக்க வருகிறவர்கள் உட்காரும் பக்கம் உட்கார வைத்தார்கள். ஜாடி இல்லை. “ரெண்டு நிமிஷம் அசையாம, எதையும் நினைக்காம உக்காருங்க சார்,” என்று ஷைலஜா மேடம் என்னைப் பார்க்காமல் சொன்னார். பச்சை, பிறகு சிவப்பு. பூஜ்யம் வந்தது. பூஜ்யக்காரர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஆலோசனைச் சீட்டையும் சேர்த்து உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

மிருதுளா சாயங்காலமே வந்துவிட்டாள். எட்டு எண் சீட்டுக்கு நாற்காலியோடு இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பவும் அனுமதியாம். உறையைப் பிரித்து, என் ஆலோசனைச் சீட்டை உரக்கப் படித்தாள்.

“மன அமைதிக்கு வீட்டில் மீன் வளர்க்கவும்.”

சிரிக்க ஆரம்பித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அதிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

“தாசில்தார் சாப்டாரா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல.”

பட்டாணிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். ஒரே நிமிடத்தில் தோலை உரித்து, நசுக்கி, தண்ணீருக்குள் விரலை விட்டு ஊட்டினாள். தாசில்தார் இன்னும் முழுதாக நிமிரவில்லை, ஒருக்களித்துக் கிடக்கிறார். இனி இப்படித்தான் இருப்பார் என்கிறார் பென்னட். ஆனால் பாதித் தண்ணீரில் அவர் மேலே வரத் துடுப்பை இரண்டு தடவை அடித்தால் போதும். வில்லை 3 காட்டியது, வலி குறைந்ததோ, வில்லைக்குப் பழகிவிட்டதோ. அதை உரித்து எடுத்து மேசை டிராயரில் போட்டேன். சட்டப்படி குற்றம். இடைநீக்கத்தில் இருப்பவனுக்குச் சட்டம் ஒரு சுமையில்லை.

தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தேன். எட்டு என்று எனக்குத் தெரியும். பதினோரு வருடப் பழக்கத்தில் ‘இப்ப எவ்வளவு?’ என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“மிருது, எங்க வலிக்குது?”

அவள் விரலிலிருந்து பட்டாணித் தோல் தண்ணீரில் விழுந்தது.

“நல்லா சாஞ்சு உக்காருங்க,” என்றாள். “பெரிய கதை.”